மெல்லிய துணிக்கு மெஷினில் அழகு ஓரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கடை களியக்காவிளையில். நாலு எட்டு வைத்தால் கேரளம். காலையில் வருகிறவர் "அக்கா, இந்த ஷாலுக்கு ஒரு பீக்கோ" என்பார், அவர் போன பிறகு வருகிறவர் "சேச்சி, இந்த நேரியதுக்கு ஓரம் பிடிச்சுத் தரணும்" என்பார். நேரியது என்றால் கேரளப் பெண்கள் முண்டோடு போடும் மேல்துணி. வேலை ஒன்றுதான். கேள்விகளும் அனேகமாக ஒன்றேதான். மெஷின் ஓடும்போது பதில் சொன்னால் பாதி காதில் விழாது, நிறுத்தினால் என் வேலை ஓடாது. அதனால் எழுதி வைக்கிறேன். ஓரளவு நேர்த்தையல் தெரிந்தவர்களுக்காக எழுதியது இது. நூல் கோக்கவே இப்போதுதான் படிக்கிறீர்கள் என்றால் முதலில் நாலு தலையணை உறை தைத்துவிட்டு வாருங்கள்.

மெல்லிய துணி என்று எதைச் சொல்கிறீர்கள்?

உள்ளங்கையில் விரித்தால் ரேகை தெரிகிற துணி எல்லாம். மல், வாயில், கேம்ப்ரிக், சிஃபான், ஜார்ஜெட், ஆர்கன்ஸா, நெட், மென்பட்டு.

பெயரை விட இன்னொன்று முக்கியம். துணியின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஆர்கன்ஸா அப்படியே விறைத்து நிற்கும், சிஃபான் தண்ணீர் மாதிரி கீழே விழும். நிற்கிற துணிக்கு ஒரு மாதிரி ஓரம், விழுகிற துணிக்கு வேறு மாதிரி. விழுகிற துணியில் சாட்டின் தையல், அதாவது இடைவெளி தெரியாத நெருக்கமான ஜிக்ஜாக், கனமாகப் போட்டால் ஓரம் மட்டும் கம்பி கட்டியதுபோல நிற்கும், நடுத்துணி தொங்கும். நான் எந்த ஓரத்தையும் இப்படித்தான் எடைபோடுவேன்: ஓரம் துணியை விடக் கனத்தால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் தப்பு.

பீக்கோ, ஓவர்லாக், ரோல் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. ஆனால் குழப்பத்துக்கு எங்களைப் போன்ற தையற்காரர்களும் காரணம். எது கேட்டாலும் "சரி, அடிச்சுத் தரேன்" என்று வாங்கி வைத்துவிடுவோம்.

ஓவர்லாக் என்பது தனி மெஷின். மூன்று நூலோ நாலு நூலோ ஓடும். கத்தி ஒன்று ஓரத்தை வெட்டிக்கொண்டே போக, பின்னாலேயே நூல் சுற்றும். சுடிதாரின் உள் தையலுக்கு நல்லது. சிஃபான் ஷாலின் வெளியோரத்துக்குச் சாதாரண ஓவர்லாக் போட்டால் உள்பாவாடை மாதிரி இருக்கும். அதே மெஷினில் நூலையும் அகலத்தையும் மாற்றி மெல்லிய ரோல் அடிக்க முடியும், அது நன்றாகவே வரும். கேட்டு வாங்குங்கள்.

பீக்கோ என்று நம் கடைகளில் செய்வது நெருக்கமான ஜிக்ஜாக். ஊசி ஒருமுறை துணியில் இறங்கும், மறுமுறை துணியைத் தாண்டி வெறுங்காற்றில் இறங்கும். அந்த இழுப்பில் ஓரம் தானாகச் சுருண்டு நூலுக்குள் ஒளிந்துகொள்ளும். இதில் சூட்சுமம் ஒன்றுதான். வலப்பக்க இறக்கம் துணிக்கு மயிரிழை வெளியே விழ வேண்டும். உள்ளே விழுந்தால் ஓரம் சுருளாது, பிசிறு எட்டிப் பார்க்கும். ரொம்ப வெளியே போனால் நூல் தொளதொளவென்று நிற்கும்.

இந்தப் பெயர் வந்த கதையையும் சொல்கிறேன். பிக்கோ என்பது பிரெஞ்சுச் சொல், லேஸ் விளிம்பில் வரிசையாக நிற்கும் குட்டிக் குட்டி வளையத்தைக் குறிப்பது. அந்தக் காலத்தில் துளைத்தையல் மெஷின் என்று ஒன்று இருந்தது. துணியில் வரிசையாகத் துளை போட்டு, துளையைச் சுற்றி நூல் கட்டிவிடும். அந்தத் துளை வரிசையின் நடுவே கத்திரியால் வெட்டினால் இரண்டு பக்கமும் பல் பல்லாக ஓரம் கிடைக்கும். அதுதான் நிஜ பீக்கோ. நாம் அடிப்பது அதன் பெயரை வைத்துக்கொண்ட இன்னொரு தையல். ஜிக்ஜாக் தையல் மெஷினுக்கு 1873இல் காப்புரிமை வாங்கியவர் அமெரிக்காவின் ஹெலன் பிளான்சார்ட் என்ற பெண்மணி. நாள் முழுக்க அந்தத் தையலை ஓட்டுகிற நமக்கு அவர் பெயர் தெரியாமல் இருப்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

ரோல் என்பது பிசிறை உள்ளே சுருட்டி, அதன்மேல் நேர்த்தையல் போடுவது. மூன்றிலும் நாள்பட நிற்பது இதுதான், வேலை அதிகமும் இதற்குத்தான். பட்டுக்கும் நல்ல மல் துணிக்கும் நான் ரோல்தான் போடச் சொல்வேன்.

என்னிடம் இருப்பது அம்மாவின் பழைய கறுப்பு மெஷின், கால்மிதி. நேர்த்தையல் மட்டும்தான் வரும். அதில் ஏதாவது முடியுமா?

நிறைய முடியும். உண்மையைச் சொன்னால், மெல்லிய துணிக்கு அந்த மெஷின்தான் சில விஷயங்களில் புது மெஷினை விட நல்லது. அதன் ஊசித் தட்டில் ஒற்றைச் சின்னத் துளைதான் இருக்கும், துணியை எளிதில் உள்ளே இழுக்காது. வேகமும் உங்கள் காலில் இருக்கிறது.

குட்டி ஓரம் என்று நாங்கள் சொல்லும் மூன்று ஓட்டு மடிப்பைச் செய்து பாருங்கள். பிசிறிலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளி ஒரு நேர்த்தையல் ஓட்டுங்கள். அந்தத் தையல் கோட்டிலேயே துணியைப் பின்பக்கம் மடியுங்கள். கோடு மயிரிழை உள்ளே போகும்படி மடித்தால் இன்னும் நல்லது. இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் வைத்து வைத்து எடுங்கள். இப்போது மடிப்பு விளிம்பை ஒட்டி இரண்டாவது ஓட்டு. அடுத்து நுனி கூரான சின்னக் கத்திரியால், தையலை வெட்டாமல், அதை ஒட்டி மிச்சத் துணியை வெட்டி எடுங்கள். இந்த இடத்தில் டீவி வேண்டாம். பிறகு இன்னொரு மடிப்பு, அதன்மேல் மூன்றாவது ஓட்டு. முடிந்தால் ஓரம் 2 அல்லது 3 மி.மீ. அகலத்தில் நூல் பிடித்தாற்போல் நிற்கும். மேல் பக்கம் ஒரே ஒரு தையல் கோடுதான் தெரியும்.

முதல் ஓட்டு எதற்கு என்று கேட்பார்கள். மடிக்கும்போது விரலுக்கு வழிகாட்ட, குறுக்கு வெட்டில், அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டிய இடத்தில், துணி நீண்டுவிடாமல் பிடித்துக்கொள்ள. அதை விட்டுவிட்டு நேராக மடித்தால் ஷாலின் ஒரு முனை இன்னொன்றை விட இரண்டு அங்குலம் நீண்டு நிற்கும்.

ஊசி, நூல் எந்த நம்பர்?

சிஃபான், ஆர்கன்ஸா, பட்டு என்றால் 9. மல், கேம்ப்ரிக், ஜார்ஜெட் என்றால் 11 வரை போகலாம். பெரும்பாலான வீடுகளில் மெஷினில் மாட்டியிருப்பது 14 அல்லது 16. ஜீன்ஸ் கிழிந்ததற்குத் தைத்துவிட்டு அதே ஊசியில் ஆர்கன்ஸாவை ஓட்டினால், ஒவ்வொரு தையலிலும் ஒரு துளை, துளையிலிருந்து இழுத்துக்கொண்டு போகும் ஒரு கோடு. பட்டில் விழுந்த துளை துவைத்தாலும் மூடாது.

புது ஊசி போடுங்கள். கடைக்காரர் சும்மா சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். ஊசி முனை மழுங்கியதா என்று பார்க்க, அதை உங்கள் நகத்தின் மேல் லேசாக இழுங்கள். கீறல் விழுந்தால் முனை வளைந்திருக்கிறது. அப்புறம், வாங்கும்போது சாதா மெஷின் ஊசியா, பவர் மெஷின் ஊசியா என்று சொல்லி வாங்குங்கள். சாதா ஊசியின் தலை ஒரு பக்கம் தட்டை, பவர் மெஷின் ஊசியின் தலை முழு உருண்டை. ஒன்றுக்கு இன்னொன்று ஆகாது.

நூலும் மெல்லியதாக இருக்க வேண்டும். கட்டையில் நம்பர் பெரிதாக இருந்தால் நூல் மெல்லியது: 40ஐ விட 60 மெல்லிசு. பாபினிலும், அதாவது அடிநூல் சுற்றும் உருளையிலும், அதே நூல்.

தைக்க ஆரம்பித்த உடனே துணியை மெஷின் விழுங்கிவிடுகிறது. என்ன செய்ய?

துணியின் முனையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஒரு பழைய துண்டுத்துணியில் நாலு தையல் ஓட்டி, ஊசியைத் தூக்காமல், அதை ஒட்டி நல்ல துணியை நுழையுங்கள். மேல்நூல், பாபின் நூல் இரண்டையும் இடக்கையால் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் தையல்களைக் காலால் மிதிக்காமல், கையால் சக்கரத்தைத் திருப்பிப் போடுங்கள்.

ஜிக்ஜாக் மெஷின் என்றால் ஊசித் தட்டின் துளை அகலமாக இருக்கும். நேர்த்தையல் போடும்போது ஒற்றைத் துளைத் தட்டு கிடைத்தால் மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையா, துணிக்கு அடியில் டிஷ்யூ காகிதமோ பட்டர் பேப்பரோ ஒரு கீற்று வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுங்கள். செய்தித்தாள் வேண்டாம். மை ஒட்டும். வெள்ளை நேரியதில் முதலமைச்சர் முகம் பதிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஓரம் சுருங்கிப் போகிறது. சிலசமயம் அலை அலையாக விரிகிறது. டென்ஷனைத் திருகித் திருகி அலுத்துவிட்டேன்.

இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு.

சுருங்கினால்: மேல்நூல் இறுக்கம், மழுங்கின ஊசி, தடித்த நூல், இந்த மூன்றில் ஒன்று. டென்ஷன் 4இல் இருந்தால் 3க்கோ 2½க்கோ இறக்குங்கள், அதற்கேற்ப பாபின் கேஸ் திருகையும் கொஞ்சம் தளர்த்த வேண்டி வரலாம். தையல் நீளம் அங்குலத்துக்கு 12 முதல் 15 இருக்கட்டும். யாரும் கவனிக்காத இன்னொரு காரணம் பாலியெஸ்டர் நூல். பாபினில் அவசரமாக, வேகமாகச் சுற்றினால் நூல் இழுபட்டே சுற்றிக்கொள்ளும். தைத்து முடித்ததும் அது தன் பழைய நீளத்துக்குச் சுருங்கும், கூடவே துணியையும் சுருக்கும். தைக்கும்போது நன்றாக இருந்த ஓரம் மறுநாள் காலை சுருங்கிக் கிடக்கிறது என்று வருகிறவர்களுக்கு இதுதான் பதில். பாபினை மெதுவாகச் சுற்றுங்கள்.

அலை அலையாக விரிந்தால்: ஃபுட்டின், அதாவது துணியை மேலிருந்து அழுத்தும் காலின், அழுத்தம் அதிகம். மெஷின் தலையில், ஃபுட் கம்பிக்கு நேர் மேலே இருக்கும் திருகை இரண்டு சுற்று தளர்த்துங்கள். துணியைப் பின்னாலிருந்து இழுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். ஊசித் தட்டுக்கு அடியில் இருக்கும் பல் துணியைத் தானாகத் தள்ளும். உங்கள் கை வழிகாட்டினால் போதும்.

ரோல் ஃபுட் வாங்கினேன். பத்து அங்குலம் நன்றாகப் போகிறது, அப்புறம் மடிப்பு நழுவி வெளியே வந்துவிடுகிறது.

எல்லாருக்கும் வருகிற தொல்லை. அந்த ஃபுட்டின் முன்னால் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது பாருங்கள். அதற்குள் எவ்வளவு துணி போகிறது என்பதில்தான் எல்லாம். கூடப் போனால் அடைத்துக்கொண்டு கட்டியாகும், குறைந்தால் மடிப்பு ஒற்றையாகிப் பிசிறு வெளியே வரும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஓரத்தை நேராக வெட்டியிருக்கிறேனா என்று முதலில் பார்ப்பேன். மல் துணியில் ஒரு இழையை ஊசி முனையால் கிளப்பி, அதை மெதுவாக உருவினால் துணியில் நேராக ஒரு கோடு விழும். அந்தக் கோட்டில் வெட்டினால் ஓரம் நேர். ஸ்கேல் வைத்து வெட்டியதெல்லாம் இதற்கு அப்புறம்தான். பிறகு முதல் இரண்டு அங்குலத்தைக் கையால் இரண்டு மடிப்பு மடித்து நகத்தால் கீறி, ஊசியை அதில் இறக்கிவைத்து, ஃபுட்டைத் தூக்கி, துணி ஓரத்தைச் சுருளுக்குள் விரலால் ஏற்றுவேன். ஃபுட்டை இறக்கி இரண்டு தையல் கையால். இனி ஓடலாம்.

ஓடும்போது வலக்கை துணியின் பிசிறை இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து, தட்டிலிருந்து அரை அங்குலம் உயர்த்திப் பிடித்திருக்கும். கண் ஊசியைப் பார்க்காது, சுருளின் வாயைப் பார்க்கும். பிசிறு அந்த வாயின் இடவிளிம்பைத் தொட்டுக்கொண்டே வர வேண்டும். அகன்றால் கையை வலப்பக்கம் ஒரு நூல் நகர்த்து, குறைந்தால் இடப்பக்கம். இதைப் படித்தால் வராது. நாலு மீட்டர் பழைய வேட்டியில் ஓட்டினால் வரும்.

நடுவில் தையல் மூட்டு குறுக்கே வந்தால், அந்த இடத்தில் உள்துணியைக் கத்திரியால் ஒல்லியாக்கிவிட்டுப் போங்கள். மூலையில் ஃபுட்டை நம்ப வேண்டாம். ஒரு அங்குலத்துக்கு முன்பே நிறுத்தி, மூலையைக் கையால் மடித்துத் தையுங்கள்.

கஞ்சி போட வேண்டுமா?

பருத்திக்குப் போடுங்கள். மல் துணிக்கும் சோற்றுக் கஞ்சிக்கும் இருக்கும் உறவை எந்த ஸ்ப்ரேயும் தராது. சோறு வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி, அதைப்போல மூன்று பங்கு தண்ணீர் சேர்த்து, ஓரப்பகுதியை மட்டும் முக்கிப் பிழிந்து நிழலில் காயவையுங்கள். முழுக்கக் காய்வதற்கு முன்பே, ஈரம் லேசாக இருக்கும்போதே தேயுங்கள். காகிதம் மாதிரி நிற்கும், சொன்னபடி கேட்கும். தைத்து முடித்ததும் கட்டாயம் அலசிவிடுங்கள். நம் பக்கம் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. கஞ்சியோடு மடித்து அலமாரியில் வைத்தால் பூசணம் பிடிக்கும், பூச்சியும் வரும்.

பட்டு, பாலியெஸ்டர் ஜார்ஜெட் இரண்டுக்கும் சோற்றுக் கஞ்சி வேண்டாம். அவற்றுக்குக் காகிதக் கீற்றுதான்.

ஓணத்துக்குச் செட்டு முண்டு வாங்கியிருக்கிறேன். கசவுக் கரைக்குப் பக்கத்தில் அலங்கார ஓரம் போடலாமா?

போடலாம், கசவின் மேல் ஊசி இறங்காமல். கசவு, அதாவது சரிகை, முழு உலோக நூல் அல்ல. உள்ளே பட்டோ பருத்தியோ ஒரு இழை, அதைச் சுற்றித் தட்டையாக்கிய மெல்லிய உலோகக் கம்பி. ஊசி அந்தக் கம்பியைக் குத்தினால் அது பிரிந்து எழும்பும், வளையலில் மாட்டும், மாட்டிய இடத்திலிருந்து அவிழ்ந்துகொண்டே வரும். அதனால் கரை முடிந்து ஒரு நூல் தள்ளி வெள்ளைத் துணியில்தான் தையல். குறுக்கே கரையைக் கடந்தே ஆக வேண்டிய இடத்தில் ஜிக்ஜாக்கை நிறுத்தி, புது 11ஆம் நம்பர் ஊசியில் நீளத் தையலாக நேராகக் கடந்துவிடுங்கள். தேய்ப்பது பின்பக்கத்திலிருந்து, மேலே ஒரு துணி போட்டு.

பாலராமபுரம் துணி என்றால் இன்னும் கொஞ்சம் மரியாதை வையுங்கள். எங்கள் கடையிலிருந்து திருவனந்தபுரம் போகிற வழியில்தான் அந்த ஊர். திருவிதாங்கூரை 1798 முதல் 1810 வரை ஆண்ட பலராம வர்மாவின் பெயர்தான் ஊருக்கு. அவர் காலத்தில் தமிழ்ப் பக்கத்திலிருந்து சாலியர் நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். அங்கே சாலியர் தெரு இன்றும் இருக்கிறது. கைத்தறியில் நெய்த அந்தத் துணிக்கு இப்போது புவிசார் குறியீடும் உண்டு. அப்படிப்பட்ட நேரியதில் பச்சையும் சிவப்புமாகப் பத்து விதத் தையல் போடச் சொல்லி வருகிறவர்களிடம் நான் ஒருமுறையாவது வேண்டாம் என்று சொல்லிப் பார்ப்பேன். வெள்ளையில் வெள்ளை நூல், அல்லது கசவு நிறத்தில் ஒரே ஒரு மெல்லிய கோடு. அதற்கு மேல் அந்தத் துணிக்குத் தேவையில்லை. கேட்கமாட்டேன் என்றால் சரி, உங்கள் துணி.

வளைவு வளைவாக ஓரம், அதாவது ஸ்காலப், எப்படி?

முதலில் கணக்கு, பிறகு தையல். முந்தானையின் அகலம் 45 அங்குலம் என்றால் ஒரு வளைவு 1½ அங்குலமாக 30 வளைவு சரியாக வரும். அளக்காமல் ஒரு முனையிலிருந்து நாணயத்தை வைத்து வரைந்துகொண்டே போனால் மறுமுனையில் முக்கால் வளைவு மிஞ்சும். அதைப் பார்த்துவிட்டால் வேறெதுவும் கண்ணில் படாது.

முழு அரைவட்டம் வேண்டாம். தட்டையான வளைவாக, வளையலின் ஒரு சின்னப் பகுதி மாதிரி வரையுங்கள். இரண்டு வளைவு சேரும் குழிதான் கஷ்டமான இடம். வளைவு ஆழமாக ஆக, குழி கூராகும், அங்கேதான் துணி கிழியும்.

ஜிக்ஜாக் மெஷினில் வளைவுக் கோட்டின் மேல் சாட்டின் தையல்: அகலம் 2 முதல் 3 மி.மீ., நீளம் 0.4 மி.மீ. போல. அடியில் காகிதம் கட்டாயம். குழியில் ஊசி துணிக்குள் இறங்கி நிற்கும்போது ஃபுட்டைத் தூக்கித் திருப்புங்கள். முடிந்ததும் வெளித்துணியைத் தையலை ஒட்டி வெட்டுங்கள். வெட்டின பிறகு அதே கோட்டில் இன்னொரு முறை மெல்லிசாக ஜிக்ஜாக் ஓட்டினால் பிசிறு அடங்கும். சிஃபானில் இதைச் செய்யாதீர்கள், கனம் தாங்காது. மல், ஆர்கன்ஸா, நெட்டில் அழகாக நிற்கும்.

கால்மிதி மெஷினில் வேறு வழி. அதே துணியில் இரண்டு அங்குலப் பட்டை வெட்டி, நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் வைத்து, வளைவுக் கோட்டில் சின்னத் தையலாக ஓட்டுங்கள். கால் அங்குலம் விட்டு வெட்டி, குழியில் தையலுக்கு ஒரு நூல் முன்வரை கத்திரி வெட்டும், வளைவில் அங்கங்கே குட்டி முக்கோண வெட்டும் கொடுத்துத் திருப்புங்கள். ஊதுபத்திக் குச்சியின் மழுங்கிய முனையால் உள்ளிருந்து தள்ளினால் வளைவு உருண்டு வரும்.

சிப்பி ஓரம் என்கிறார்களே, அது வேறா?

வேறு, இதை விட எளிது. மடித்த ஓரத்தின் மேல் அகல ஜிக்ஜாக் போட்டு, ஊசியின் ஒரு இறக்கம் மடிப்புக்கு வெளியே விழும்படி ஓட்டினால், நூல் மடிப்பை இடைவெளி விட்டு இடைவெளி விட்டு இறுக்கும். ஓரம் சிப்பி சிப்பியாகக் குவியும். இதற்கு மட்டும் மேல்நூல் டென்ஷனை ஏற்ற வேண்டும். குழைவான துணியில்தான் வரும். ஆர்கன்ஸா மாதிரி விறைத்த துணியில் சிப்பி விழாது, வெறும் சுருக்கம்தான் விழும். கையால் செய்வதானால் அரை அங்குலத்துக்கு ஒருமுறை மடிப்பைச் சுற்றி இரண்டு தையல், இறுக்கம். குழந்தைச் சட்டைக் கழுத்துக்கு இதைவிட அழகான ஓரம் எனக்குத் தெரியாது.

புதுநன்மைக்கு (சர்ச்சில் குழந்தை முதல்முறை நற்கருணை வாங்கும் நாளுக்கு) போடும் ஃபிராக்கின் அடியோரம் சுருள் சுருளாக விரிந்து நிற்கிறதே, உள்ளே கம்பியா?

தங்கூஸ். ஆமாம், தூண்டில் போடுகிற அதே நைலான் நரம்பு. எங்களுக்குக் குளச்சல் பக்கத்திலிருந்து வரும். நல்ல தடிப்பானதாக, 0.6 மி.மீ. அளவில் வாங்குங்கள்.

குறுக்கு வெட்டாக இருக்கும் ஓரத்தில்தான் இது நன்றாக வேலை செய்யும். குடை வெட்டு பாவாடை என்றால் எங்காவது குறுக்கு வரும். ஓரத்தைச் சிறிதாக மடித்து, மடிப்புக்குள் நரம்பை வைத்து, அதன்மேல் ஜிக்ஜாக் ஓட்டுங்கள். ஊசி நரம்பின் இரு பக்கமும் விழ வேண்டும், நரம்பைக் குத்தக் கூடாது. தைக்கும்போது துணியைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டே போங்கள். முக்கியமாக, நரம்பை முன்கூட்டியே அளந்து வெட்டாதீர்கள். உருளையிலிருந்து அப்படியே ஓடட்டும். ஓரத்தை இழுத்து விரித்த பிறகு அதன் சுற்றளவு நீங்கள் நினைத்ததை விடக் கூடுதலாக இருக்கும்.

முடிவில் இரண்டு முனையையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரு அங்குலம் ஏற்றி, முனைகளைத் தீக்குச்சியால் லேசாகச் சுட்டு மழுக்கி, மேலே துணித்துண்டு சுற்றித் தைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்ட ஒரு ஃபிராக், கோயிலில் குழந்தையின் காலைக் கீறி, நடுப்பூசையில் அழ வைத்துவிட்டது. தைத்தது நான்தான். தேய்க்கும்போது இந்த ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது.

லேஸ் வைத்துத் தைத்தேன். துவைத்ததும் லேஸ் மட்டும் சுருங்கிவிட்டது.

பருத்தி லேஸைத் தைப்பதற்கு முன் வெந்நீரில் ஊறவைத்துக் காயவைக்க வேண்டும். துணியையும்தான். ஒன்று சுருங்கியது, மற்றது சுருங்காதது என்றால் சண்டைதான்.

தட்டையாக வைப்பதானால்: லேஸைத் துணியின் நல்ல பக்கத்தில், பிசிறிலிருந்து கால் அங்குலம் உள்ளே வைத்து, லேஸின் தலைவிளிம்பில் 1½ மி.மீ. ஜிக்ஜாக் ஓட்டுங்கள். பின்பக்கம் மிஞ்சும் துணியைத் தையலை ஒட்டி வெட்டுங்கள். மடிப்பே இல்லாமல் ஓரம் முடிந்துவிடும். சுருக்கு வைப்பதானால் ஓரத்தின் நீளத்தைப் போல ஒன்றரைப் பங்கு லேஸ் எடுங்கள். நல்ல பருத்தி லேஸின் தலைவிளிம்பில் ஒரு இழை கொஞ்சம் தடிப்பாக ஓடும், அதைப் பிடித்து இழுத்தாலே சுருங்கிக் கொடுக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு லேஸ் புதிதில்லை. 1820களிலேயே நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்குத் திண்டில் குண்டூசி குத்தி, மரக்கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னும் லேஸைச் சொல்லிக்கொடுத்தார். தெற்குத் திருவிதாங்கூர் லேஸ் கடல் கடந்து போனது. அதே காலத்தில் இதே மண்ணில் நாடார் பெண்கள் மேலுடம்பை மறைக்க உரிமை கேட்டு அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தோள்சீலைப் போராட்டம் 1859இல் அரசாணை வரும்வரை போனது. எங்கள் பாட்டிமார் ரவிக்கையின் கை ஓரத்துக்கு அவ்வளவு பார்த்துப் பார்த்து லேஸ் வைத்ததை நான் இதோடு சேர்த்துத்தான் நினைத்துக்கொள்வேன்.

துணியில் வரிசையாகத் துளை விழுகிற ஓரம் வீட்டு மெஷினில் வருமா?

ஜிக்ஜாக் மெஷினில் வரும். இறக்கை ஊசி என்று ஒன்று கிடைக்கிறது, 16 அல்லது 19ஆம் நம்பர். ஊசியின் இருபக்கமும் சிறகு மாதிரி தகடு. அது நூலை அறுக்காமல் இழைகளை விலக்கித் துளை போடும், ஜிக்ஜாக் நூல் துளையைத் திறந்தபடியே கட்டிவைக்கும். போகும்போது ஒருமுறை, திரும்பி வரும்போது அதே துளைகளில் ஒருமுறை. பருத்தி, லினன் மட்டும். அதுவும் கஞ்சி நன்றாக ஏறிய துணி. சிஃபானில் துளை நிற்காது, பட்டில் இழை அறுந்துபோகும்.

எச்சரிக்கை: சிறகு அகலமாக இருப்பதால் ஃபுட்டில் இடிக்கும். தையல் அகலத்தைக் குறைத்து, முதலில் கையால் சக்கரத்தை முழுச்சுற்று சுற்றிப் பாருங்கள்.

எந்த நூலிலும் ஓரம் அடிக்கலாமா? சாயம் போகுமா?

போகும். ஒரு ஓணத்துக்கு முந்தின வாரம், அவசரத்தில், புதிதாக வந்த கரும்பச்சை நூலில் ஒரு நேரியதுக்குப் பீக்கோ அடித்துக் கொடுத்தேன். பார்க்க இலை விளிம்பு மாதிரி இருந்தது. சேச்சிக்கும் ரொம்பப் பிடித்தது. முதல் துவையலில் பச்சை இரண்டு அங்குலத்துக்கு வெள்ளையில் பரவிவிட்டது. நூல் என் தவறில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சோதிக்காமல் போட்டது நான். புது நேரியது வாங்கிக் கொடுத்தேன், அந்த வார வரும்படி அதோடு போயிற்று.

அன்றிலிருந்து எந்த அடர்நிற நூலையும் ஒரு முழம் வெட்டி, நனைத்த வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பார்க்கிறேன். கோடு விழுந்தால் நூல் குப்பைக்கு. சிவப்பு, கரும்பச்சை, கருநீலம் மூன்றையும் சோதிக்காமல் தொடுவதில்லை.

தைத்த ஓரத்தை எப்படித் துவைப்பது?

கையால், முறுக்காமல். துண்டில் சுருட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு நிழலில் காயப்போடுங்கள். கிளிப் மாட்டும்போது ஓரத்தில் மாட்டாதீர்கள்.

இவ்வளவும் படித்துவிட்டேன். எனக்கு வராது என்று தெரிகிறது. துணியைக் கொண்டுவரட்டுமா?

தாராளமாக. ஆனால் ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் முந்தின பத்து நாள் வேண்டாம். அப்போது சாப்பாட்டையே நான் மெஷின் மேல் வைத்துத்தான் சாப்பிடுகிறேன்.